எம்எக்ஸ்-5 காரில் கிளட்ச் தேய்மானம்: கண்டுபிடிப்பது, கழற்றி மாற்றுவது, அடுத்ததை நீண்ட நாள் ஓட வைப்பது

கருகிய வாடை என்றால் எல்லாருக்கும் தெரியும். கூம்புகளை நட்டு வைத்த மைதானத்தில் ஆட்டோகிராஸ் (ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓடும் போட்டி) நடக்கும் நாளில், மதியத்துக்கு மேல் புறப்படும் கோட்டருகே நின்றால் அந்த வாடை மூக்கில் ஏறும். அது டயர் வாடை இல்லை. காகிதமும் ரப்பரும் சேர்ந்து தீய்ந்த மாதிரி இருக்கும். யாரோ ஒருவரின் கிளட்ச் பிளேட் எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வழிகாட்டி மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கானது. 1989இல் வந்த முதல் தலைமுறையும் அதற்கு அடுத்ததும் இன்றும் அமெச்சூர் பந்தயத்தில் அதிகம் ஓடுகின்றன. மியாட்டா என்று இதை அழைக்கும் அமெரிக்காவில் இந்தக் காருக்கென்றே ஸ்பெக் மியாட்டா என்ற பந்தயப் பிரிவு இருக்கிறது. நான் ஓட்டுவது 1995 மாடல், 1.8 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ முன்சக்கர இழுவைக் கார் ஓட்டுபவர்களுக்கு இதில் கழற்றும் பகுதி பொருந்தாது. ஆனால் தேய்வது ஏன், அதைக் கண்டுபிடிப்பது எப்படி, காலை எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அப்படியே பொருந்தும்.

முதலில், தேய்வது எதனால்

கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போது தேய்வதில்லை. முழுதாக விட்டிருக்கும்போதும் தேய்வதில்லை. இரண்டுக்கும் நடுவே, இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் ஒரு வேகத்திலும் கியர்பாக்ஸோடு சுற்றும் பிளேட் ஒரு வேகத்திலும் சுற்றுகிற அந்த ஒன்றிரண்டு வினாடிகளில்தான் அதன் ஆயுள் கரைகிறது. எவ்வளவு கரைகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இந்தக் காரின் முதல் கியர் விகிதம் 3.136. 1.8 லிட்டர் மாடலில் டிஃபரன்ஷியல் விகிதம் 4.1. பழைய 185/60-14 டயரில் 1500 ஆர்பிஎம் என்றால் கார் மணிக்குச் சுமார் 13 கி.மீ. போகும், 4500 என்றால் 38 கி.மீ. இன்ஜினை ஒரே வேகத்தில் நிறுத்தி, கார் அந்த வேகத்தை எட்டும்வரை கிளட்சை வழுக்கவிட்டால், கார் எவ்வளவு இயக்க ஆற்றல் பெறுகிறதோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாக இறங்கும். ஓட்டுநரோடு 1100 கிலோ என்று வைத்தால், 1500இல் கிளம்பும்போது சுமார் 7 கிலோஜூல், 4500இல் கிளம்பும்போது 62 கிலோஜூல். ஆர்பிஎம் மூன்று மடங்கு, வெப்பம் ஒன்பது மடங்கு. நடைமுறையில் டயர் சுற்றும், இன்ஜின் கொஞ்சம் இறங்கும், அதனால் எண்கள் குறையும். ஆனால் வெப்பம் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது என்ற விதி மாறாது.

அந்த 62 கிலோஜூல் ஃப்ளைவீலிலும், பிளேட்டை அதன்மேல் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டிலும் சீராகப் பரவினால் உலோகம் 13 டிகிரி போலத்தான் சூடாகும். ஆனால் அந்த நொடியில் அது பரவுவதில்லை. உராயும் மேற்பரப்பில்தான் மொத்தமும் இறங்குகிறது. மேல்தோல் தீயும்போது உள்ளே உலோகம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆற நேரம் விடாமல் ஐந்தாறு முறை இதையே செய்தால் உள்ளும் சூடாகிவிடும், அப்புறம் அடுத்த முறை தாங்க இடம் இருக்காது. ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் நாளில் கிளட்ச் போவது இதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பிரஷர் பிளேட்டில் இருப்பது டயஃப்ரம் ஸ்பிரிங். பிளேட் தேயத் தேய அதன் அழுத்தம் முதலில் சற்று ஏறும், அதற்குப் பிறகுதான் இறங்கும். அதனால் தேய்மானம் பாதிக்கு மேல் போன பிறகும் கிளட்ச் புதிது போலவே பிடிக்கும், பிறகு இரண்டு மூன்று போட்டிகளுக்குள் திடீரென்று வழுக்கும். "போன வாரம் நன்றாகத்தானே இருந்தது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

கழற்றும் முன் கண்டுபிடியுங்கள்

என் முதல் ஆண்டில் கார் சூடானதும் மூன்றாவது நான்காவது சுற்றில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. ஒரு பணிமனையில் பிளேட் போய்விட்டது என்றார்கள், கியர்பாக்ஸை இறக்கிப் புதிது போட்டார்கள். அடுத்த போட்டியில் அதே நான்காவது சுற்றில் அதே வழுக்கல். கழற்றிய பழைய பிளேட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். அளந்து பார்த்தால் ரிவெட்டுக்கு மேல் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. கோளாறு கியர்பாக்ஸ் பக்கமே இல்லை, பெடலுக்கு மேலே இருந்தது.

பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் உருளை) போகும் புஷ்ராடில், அதாவது தள்ளுகம்பியில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சும்மா ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால், பெடலை முழுதாக விட்டாலும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. கிளட்ச் ஆயில், அதாவது பிரேக் திரவம், தொட்டிக்குத் திரும்பிப் போகும் சிறு துளை மூடியே இருக்கும். எக்ஸாஸ்ட் சூட்டில் ஆயில் விரியும், போக வழியில்லாமல், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், நீங்கள் காலே வைக்காமல் கிளட்ச் பாதி அழுந்தியிருக்கும். குளிர்ந்ததும் சரியாகிவிடும். அந்தப் புஷ்ராடின் லாக் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்றுத் திருப்பியதோடு என் பிரச்சினை முடிந்தது. ஆகவே சூடானால் மட்டும் வழுக்குகிறது என்றால் முதலில் விரலால் பெடலைத் தொட்டு அந்த ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அது சரியாக இருந்தால், உண்மையிலேயே வழுக்குகிறதா என்பதை எண்ணில் பாருங்கள். நான்காம் கியர் விகிதம் 1.000 என்பதால் கணக்கு எளிது. 1.8 லிட்டர் காரில் அந்தக் கியரில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 26.6 கி.மீ. வேகம் வரும். அதாவது ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் எப்போதும் 37.6 வர வேண்டும். 1.6 லிட்டர் காரில் டிஃபரன்ஷியல் 4.3, அதனால் எண் கொஞ்சம் கூடும். டயர் அளவு மாறினாலும் எண் மாறும், அதனால் உங்கள் காரின் எண்ணை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். டிராக்கில், பொதுச் சாலையில் வேண்டாம், நான்காம் கியரில் 2500 ஆர்பிஎம்மில் நிதானமாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஜிபிஎஸ் வேகமும் டேகோமீட்டரும் ஒரே காட்சியில் தெரியும்படி செல்பேசியில் படம் பிடியுங்கள். டேட்டா லாகர் இருந்தால் இன்னும் நல்லது. இன்ஜின் அதிக டார்க் (முறுக்கு விசை) தரும் 5000க்கு அருகே 37.6 என்பது 39, 40 என்று ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. காலால் உணரும் அளவுக்கு வழுக்கும் முன்பே இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாம் கியருக்குக் கீழே இதைச் செய்ய வேண்டாம், டயர் வழுக்கினாலும் எண் ஏறும்.

வழுக்கலுக்கு நேர் எதிரான கோளாறு, கிளட்ச் விடாமல் பிடித்துக்கொள்வது. நியூட்ரலில் பெடலை அழுத்தி ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று கடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. இந்தக் காரில் அதற்குப் பெரும்பாலும் காரணம், ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர்தான். கியர்பாக்ஸின் வலப்பக்கம் வெளியே இருக்கும், இரண்டு போல்ட். அதன் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் கசிகிறது. மேலே தொட்டியில் ஆயில் கறுத்திருந்தால் உள்ளே ரப்பர் கரைகிறது. ஸ்லேவ், வளையும் குழாய், புதிய டாட் 4 ஆயில், காற்று எடுத்தல் என ஒரு மதியத்தில் முடியும் வேலை. இதற்காகக் கியர்பாக்ஸை இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சத்தங்களையும் கேட்டுப் பழகுங்கள். பெடலை அழுத்தியதும் கீச்சென்று வந்தால் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டிருக்கும்போது நியூட்ரலில் உறுமி, அழுத்தியதும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். கியரில் போட்டுப் பெடலை அழுத்தி நிற்கும்போது மட்டும் வந்தால் ஃப்ளைவீல் நடுவே இருக்கும் பைலட் பேரிங். கிளம்பும்போது கார் திடுதிடுவென்று அதிர்ந்தால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது ஃப்ளைவீல் முகத்தில் சூட்டுத் திட்டுகள் விழுந்திருக்கின்றன.

எந்த கிளட்ச் வாங்குவது

இன்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால், கம்பெனி தரத்து ஆர்கானிக் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் போதும். 1.8 இன்ஜின் தருவது சுமார் 150 நியூட்டன் மீட்டர், அதற்கு 215 மி.மீ. பிளேட் தாராளமாகத் தாங்கும். 1.6 காரில் வருவது 200 மி.மீ. பிளேட். 1.8 காரின் ஃப்ளைவீல், பிளேட், பிரஷர் பிளேட் மூன்றையும் சேர்த்து 1.6இல் போடலாம், நேரே பொருந்தும். உங்கள் போட்டிப் பிரிவின் விதி அனுமதித்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

நான்கைந்து செராமிக் துண்டுகள் ஒட்டிய பக் பிளேட்டை டர்போ போட்ட காருக்கு விட்டுவிடுங்கள். அது சூட்டைத் தாங்கும், ஆனால் நடுநிலை என்பதே இருக்காது, பிடிக்கும் அல்லது விடும். அந்த அடி முழுதும் ஐந்து கியர் பாக்ஸின் பற்களில் போய் விழும். லேசான ஃப்ளைவீலிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஆர்பிஎம் சட்டென்று ஏறி இறங்குவதால் கியர் மாற்றுவது இனிமையாகும். ஆனால் சூட்டை உறிஞ்சும் உலோகம் பாதியாகிவிடுகிறது. நின்று கிளம்பும் ஆட்டோகிராஸுக்குக் கம்பெனி ஃப்ளைவீல், ஓடிக்கொண்டே தொடங்கும் டிராக் பந்தயத்துக்கு லேசானது என்பது என் தேர்வு.

இறக்குவது

இது இரண்டு பேர் வேலை. முதல் தடவை என்றால் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் ஒதுக்குங்கள். காரை நான்கு ஸ்டாண்டில், கியர்பாக்ஸும் ஜாக்கும் சேர்ந்து அடியிலிருந்து வெளியே வரும் உயரத்துக்கு ஏற்றுங்கள். ஜாக்கை நம்பி மட்டும் காருக்கு அடியில் போகாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

உள்ளே கன்சோல், ரப்பர் உறைகள், கியர் லிவர். லிவர் வெளியே வந்ததும் அந்தக் குழியில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். அது கியர்பாக்ஸ் எண்ணெயிலிருந்து தனி, பழைய கார்களில் பெரும்பாலும் வற்றியே இருக்கும். கிழிந்த உறையை இப்போதே மாற்றுங்கள்.

கீழே கியர் ஆயிலை வடித்துவிட்டு, எக்ஸாஸ்டின் முன்பகுதியைக் கழற்றுங்கள். டிரைவ் ஷாஃப்டுக்கும் டிஃபரன்ஷியல் ஃபிளான்ஜுக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டுப் பிறகு அவிழுங்கள், அதே நிலையில் திரும்பப் போட வேண்டும். அடுத்து இந்தக் காருக்கே உரிய உறுப்பு, கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினிய உத்தரம். பவர் பிளான்ட் ஃபிரேம் என்று பெயர். அதன் மேல் ஓடும் ஒயர்கள் எந்தக் கிளிப்பில் எப்படிப் போகின்றன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றும் முன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் எடை முழுதும் இன்ஜினில் தொங்கும்.

ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு அப்படியே கழற்றி ஓரமாகக் கம்பியால் கட்டுங்கள். அதன் பிறகு யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். ஸ்டார்ட்டர், அப்புறம் பெல்ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் முன்பகுதி) போல்ட்கள். மேல் போல்ட்களுக்குப் பின்பக்கத்திலிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷன்களைக் கோத்துத்தான் எட்ட முடியும். அதற்காக இன்ஜினைப் பின்னால் சாய்க்கும்போது, முதல் தலைமுறைக் காரில் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சார் தீச்சுவரில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) மோதி உடையலாம். ஒருவர் மேலே நின்று அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

கியர்பாக்ஸை நேர்கோட்டில் பின்னுக்கு இழுங்கள். இன்புட் ஷாஃப்ட் முழுதாக வெளியே வரும்வரை அதைத் தொங்கவிடாதீர்கள்.

பழைய பிளேட்டைப் படியுங்கள்

தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய லைனிங்கில் (பிளேட்டின் உராயும் பூச்சு) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

பிளேட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 மி.மீ.க்குக் குறைந்தால் ஆயுள் முடிந்தது. இரண்டு பக்கமும் சீராக மெலிந்திருந்தால் அது நேர்மையான தேய்மானம். லைனிங் நிறைய இருந்தும் மேற்பரப்பு கண்ணாடி போல் கறுத்து மின்னினால், அது தேய்ந்த பிளேட் இல்லை, வெந்த பிளேட். ஃப்ளைவீல் முகத்தில் அதே நேரத்தில் நீலமும் வைக்கோல் நிறமும் கலந்த திட்டுகள் தெரியும், நகத்தால் கீறினால் மெல்லிய வெடிப்புகள் தட்டுப்படும். அப்படியானால் புதுப் பிளேட் மட்டும் போட்டுப் பயனில்லை, ஓட்டும் முறையிலும் மாற்றம் வேண்டும். நடுவில் உள்ள சுருள் ஸ்பிரிங்குகள் கையால் ஆட்டினால் கலகலவென்று ஆடினால், கியரை மாற்றும்போது அடிக்கிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் எண்ணெய்க் கறை என்றால் கறையின் இடத்தைப் பாருங்கள், ஃப்ளைவீல் பக்கம் என்றால் கிராங்க் ஆயில் சீல், கியர்பாக்ஸ் பக்கம் என்றால் இன்புட் ஷாஃப்ட் சீல்.

இவ்வளவு தூரம் இறங்கிய பிறகு இரண்டு சீல்களையும், பைலட் பேரிங்கையும், ரிலீஸ் பேரிங்கையும் மாற்றாமல் மூடாதீர்கள். சீல் கசிந்தால் இந்த இரண்டு நாள் வேலையை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

திரும்பப் பூட்டுவது

ஃப்ளைவீல் முகத்தைச் சமமாகக் கடைந்து வாருங்கள், திட்டும் வெடிப்பும் ஆழமாக இருந்தால் புதிதே வாங்குங்கள். ஃப்ளைவீல் போல்ட்களின் மரையைச் சுத்தம் செய்து சீலன்ட் பூச வேண்டும், இல்லாவிட்டால் அந்த வழியாகவே எண்ணெய் கசியும். குறுக்கும் நெடுக்குமாக 96 முதல் 103 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். முகத்தை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது.

இன்புட் ஷாஃப்ட் பற்களில் கிரீஸ் தடவி, பிளேட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, பிதுங்கி வந்ததைத் துடைத்துவிடுங்கள். மிச்சம் விட்டால் அது சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் ஒட்டும். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அலைன்மென்ட் கருவியால் நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி 18 முதல் 26 நியூட்டன் மீட்டரில் முடியுங்கள். ஒரு போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் மூடி வளைந்துவிடும், கிளம்பும்போது அதிர்வு வரும்.

கியர்பாக்ஸ் கடைசி ஓர் அங்குலத்தில் நின்றுவிட்டால் போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள். ஏதாவது ஒரு கியரில் போட்டு, பின்முனையில் ஷாஃப்டை மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள், பற்கள் சேர்ந்ததும் தானாக உள்ளே போகும். உத்தரத்தைப் பூட்டும்போது அதன் உயரத்துக்கு மஸ்டா பணிமனைக் கையேட்டில் ஓர் அளவு உண்டு. அதை வைத்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் கார் நடுங்கும். ஜிஎல்-4 தரத்து 75டபிள்யூ-90 ஆயில் 2 லிட்டர், லிவர் குழிக்குத் தனியாகக் கொஞ்சம்.

முதல் 500 கி.மீ. ஊருக்குள் சாதாரணமாக ஓட்டுங்கள், நின்று நின்று கிளம்பும் சாலை நல்லது. அதுவரை போட்டி வேண்டாம்.

காலைப் பழக்குங்கள்

ஆட்டோகிராஸில் கோட்டுக்கும் நேரம் எண்ணும் கருவிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் 4500இல் பெடலை உதறுவதால் கிடைக்கும் லாபம் மிகச் சிறிது. 2500இல் கிளம்பிச் சட்டென்று முழுதாக விட்டால், கிளட்சில் இறங்கும் வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

கியரை இறக்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டி, ஆர்பிஎம்மை ஏற்றிவிட்டுப் பெடலை விடுங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் இன்ஜின் 4000இலிருந்து 5700க்கு ஏற வேண்டும். அந்த 1700ஐ உங்கள் வலக்கால் தராவிட்டால் கிளட்ச்தான் உராய்ந்து தர வேண்டும், ஒவ்வொரு வளைவிலும். மேலே போகும்போது கையை அவசரப்படுத்தாதீர்கள். 6500இல் மூன்றிலிருந்து நான்குக்குப் போக நினைத்து இரண்டில் விழுந்தால் இன்ஜின் 9200க்கு இழுக்கப்படும். பிளேட் சிதறலாம், வால்வும் வளையலாம்.

நான் பார்த்தவரை, போட்டியில் ஆயுள் போன கிளட்ச்களை விடப் போட்டிக்கு வெளியே போனவை அதிகம். வரிசையில் ஒவ்வோர் அடியாக ஹாஃப் கிளட்ச்சில் நகர்த்துவது அதில் ஒன்று. இன்ஜினை நிறுத்திவிட்டுக் காரைத் தள்ளுங்கள், ஆயிரம் கிலோதான், ஒருவர் தள்ளலாம். இன்னொன்று டிரெய்லர். சரிவுப் பலகையில் காரை ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக ஏற்றும் ஒரு நிமிடத்தில், பகல் முழுக்க ஓட்டியதை விட அதிகமாகப் பிளேட் வேகும். ஒரு கை வின்ச் வாங்கிப் பொருத்துங்கள். இடது காலைப் பெடல் மேல் ஓய்வாக வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ரிலீஸ் பேரிங் நாள் முழுக்க அழுத்தத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டு பேர் ஓட்டும் நாளில் ஓட்டங்களுக்கு நடுவே பத்து நிமிடமாவது விடுங்கள். வாடை வந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடாமல், மைதானத்தின் ஓரமாகக் கிளட்சை முழுதாகப் பிடிக்கவிட்டு மெதுவாக ஒரு சுற்றுப் போங்கள். சுழற்சியிலேயே அது ஆறும்.

ஆண்டுக்கு ஒருமுறை கிளட்ச் ஆயிலை மாற்றுங்கள், மாற்றும்போது ஸ்லேவின் ரப்பர் உறையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் பெடலின் ஆட்டத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். நான்காம் கியர் எண்ணைப் புதுப் பிளேட் பழகிய வாரமே எடுத்து எழுதி வையுங்கள். என் காரில் அது டாஷ்போர்டு பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு சிறு தாளில் ஒட்டியிருக்கிறது. மேலே பிளேட் மாற்றிய தேதி, கீழே 37.6, அதற்குக் கீழே ஒவ்வொரு மாதமும் எடுத்த எண்.